பிணமாகப் படுக்க ஓர் ஆள்

அத்தாயிக்கு அம்சவேணியைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிக்கும். அவளுக்குக் காய்ச்சல் என்றால் மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பதும் அத்தாயிதான், தலைக்குத் தைலம் தேய்த்துவிடுவதும் அத்தாயிதான். ஆனால் அதே அம்சவேணி வாசலில் வந்து நின்று, "எங்கண்ணன் போன் பண்ணுச்சுங்கக்கா" என்று வாயெடுத்துவிட்டால் போதும், அத்தாயிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்ட நாள்கூட உண்டு.

இருவரும் ஓரகத்திகள். மலைமேல் நாடு நாடாகச் சொல்கிற ஊர்க்கூட்டங்களில் ஒன்றான பெரக்கரை நாட்டில் ரோட்டோரமாக, ஒரே வாசலைப் பார்த்த இரண்டு வீடுகள். மூத்தவன் அர்த்தனாரிக்கு வாழ்க்கைப்பட்டவள் அத்தாயி. அடுத்தவன் மணிவண்ணனுக்கு அம்சவேணி. கடைக்குட்டி பிரேம் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தவன். மிளகு, காப்பி, குச்சிக்கிழங்கு, கொஞ்சம் சாமை என்று பாகம் பிரித்ததில் ஒரு குறையும் இல்லை. அம்சவேணி பார்க்க லட்சணமாக இருப்பதிலோ, அவள் கிண்டும் களியில் கட்டி விழாது என்பதிலோ அத்தாயிக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அவளுக்கு மூன்று அண்ணன்மார் இருந்தார்கள். அங்கேதான் உதைத்தது.

பண்டிகை, நோம்பி என்று வந்தால் மூன்று பேரும் பைக்கில் வந்து இறங்குவார்கள். ஒருவன் கையில் வாழைத்தார், ஒருவன் கையில் புதுச்சேலை, மூன்றாமவன் மடியில் கால் கட்டிய சேவல். "என்ன கண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்ட?" என்று மூத்தவன் தங்கச்சியின் தலையைத் தடவுவான். அம்சவேணியா இளைத்தவள்? கிழங்கு மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளுக்கு ஏற்றுகிறவள்! அத்தாயி தன் வீட்டுக் கதவிடுக்கில் நின்று இத்தனையும் பார்ப்பாள். பார்க்காமல் உள்ளே போய் வேலையைக் கவனிக்கலாம். அதுதான் அவளால் முடியாது.

அவளுக்கும் ஓர் அண்ணன் இருந்தான். குண்டூர் நாட்டில், பைக்கில் வந்தால் அரை மணிப் பொழுதில் வந்துவிடக்கூடிய தூரத்தில். பெயர் அருணாசலம். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம் பேசியிருந்தார்கள். அருணாசலத்துக்கு ஒரு பெண். அந்தப் பெண்ணின் அண்ணனுக்கு அத்தாயி. பரிசம் போட நாள் குறித்த பிறகு, சாமை அறுப்புக்கு வந்த அர்த்தனாரியோடு அத்தாயி பஸ் ஏறிவிட்டாள். இந்தப் பக்கம் பெண் இல்லை என்றான பிறகு அந்தப் பக்கம் மட்டும் கொடுப்பார்களா? அருணாசலத்துக்குப் பேசிய பெண்ணை வேறு ஊருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவன் அந்தப் பெண்மேல் உயிரையே வைத்திருந்தான் என்பது அத்தாயிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பஸ் ஏறினாள்.

பிற்பாடு அவனுக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தன. ஆனால் இருபது வருஷமாகத் தங்கச்சி வாசலை மிதிக்கவில்லை. செம்மேட்டுச் சந்தையில் எதிரெதிரே வந்துவிட்டால் பக்கத்துக் கடைப் பலாப்பழத்தைப் பார்ப்பான், அத்தாயியைப் பார்க்கமாட்டான். தப்பு தன்மேல்தான் என்பதால் அவளால் யாரிடமும் வாய்விட்டு அழவும் முடியாது. அழ முடியாத ஆற்றாமையெல்லாம் அம்சவேணி பக்கமாகத் திரும்பிக்கொண்டது. திரும்புவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இப்படியிருக்கும்போதுதான் பிரேமுக்குப் பேய்ப்படம் எடுக்கிற ஆசை வந்தது. அவன் அடிவாரத்தில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை பார்த்தவன். கூட வேலை பார்த்த சந்தோஷ்குமார் ஒரு கேமராவோடு மலையேறி வந்து சேர்ந்தான். படத்தின் பெயர் 'காப்பிக்காட்டுச் சிரிப்பு'. காப்பித் தோட்டத்தில் செத்துப்போன ஒரு பெண் பேயாக வந்து சிரிப்பாள். சிரிப்பைக் கேட்டவனெல்லாம் மறுநாள் இருக்கமாட்டான். அவ்வளவுதான் கதை. நடிக்க ஆள் வெளியிலிருந்து வேண்டாம், ஊர்ச் சனமும் சொந்தபந்தமும் போதும் என்றான் பிரேம்.

பேயாக யார் சிரிப்பது? அத்தாயி அந்த வாரம் முழுக்கக் காப்பிச் செடிகளுக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் சிரித்துப் பழகினாள். ஒருநாள் அவள் சிரித்த சிரிப்பில் மேய்ந்துகொண்டிருந்த மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இதைவிட ஒரு பேய்க்கு என்ன தகுதி வேண்டும்? ஆனால் கேமராவுக்கு முன்னால் இருவரையும் சிரிக்கச் சொல்லிப் பார்த்த பிரேம், அம்சவேணியைத்தான் எடுத்துக்கொண்டான்.

"பெரியண்ணி, நீங்க சிரிச்சாத் திட்டற மாதிரி இருக்குதுங்க. சின்னண்ணி சிரிச்சா, மொதல்ல அழகா இருக்குது, அப்புறந்தான் பயமா இருக்குது" என்றான்.

"அப்படீன்னா பேய்க்கும் அழகுதான் வேணும்னு சொல்லு" என்று அத்தாயி உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்பு இருந்ததா என்பதை அர்த்தனாரி சொல்லவில்லை.

அத்தாயிக்குக் கிடைத்தது சமையல் வேலையும் வெளிச்சம் பிடிக்கிற வேலையும். விளக்குகளுக்கு வசதியில்லாததால், முறத்தில் பார்சல் கட்டுகிற வெள்ளித்தாளை ஒட்டி, வெயிலை வாங்கி முகத்தில் அடிப்பார்கள். பாருங்கள், யாருடைய முகத்தில் வெளிச்சமே விழக்கூடாது என்று அவள் நினைத்தாளோ, அந்த முகத்துக்கே காலையிலிருந்து கை கடுக்க வெளிச்சம் பிடிக்க வேண்டும்! கிழங்கு மாவு பூசிய அம்சவேணி, சிவப்புச் சாயம் கலந்த கிழங்குக் கஞ்சியை வாயோரம் ஒழுகவிட்டுச் சிரிப்பாள். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அத்தாயி முறத்தைச் சற்றே சாய்த்துவிட்டாள். அம்சவேணியின் பாதி முகம் இருண்டு போனது.

"அக்கா, அப்படியே, அப்படியே பிடிங்க! சூப்பரா இருக்குது!" என்று கத்தினான் சந்தோஷ்குமார். பாதி இருட்டில் அம்சவேணி நிஜப் பேயாகவே தெரிந்தாளாம். அதற்கப்புறம் எல்லாக் காட்சிக்கும் முறத்தைச் சாய்த்தே பிடிக்கச் சொன்னார்கள். கெடுக்கப் போனாலும் அவளுக்கே நல்லதாக முடிகிறதே என்று அத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று அண்ணன்மாரும் படப்பிடிப்பு பார்க்க வந்தார்கள். மூட்டையாக முறுக்கு, மிக்சர், அன்னாசிப்பழம். "எங்க தங்கச்சி நடிக்குது" என்று ரோட்டில் போகிற ஆளையெல்லாம் நிறுத்திச் சொன்னார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிரேம் அடுத்த நாள் எடுக்கப்போகிற காட்சியை விளக்குகிறவரைக்கும். பேயாக மாறுவதற்கு முன்னால் அந்தப் பெண் செத்துக் கிடக்க வேண்டும். வாசலில் பெஞ்சு போட்டு, மாலை மேளத்தோடு, ஊரே சுற்றி உட்கார்ந்து அழ வேண்டும்.

மூத்த அண்ணன் எழுந்துவிட்டான். "பேயா நடிக்கட்டும், பிசாசா நடிக்கட்டும். ஆனா எங்க தங்கச்சியை வாசல்ல பொணமாப் படுக்கவெக்க நாங்க உடமாட்டோம். கூடப் பொறந்தவங்க மூணு பேரு உசுரோட இருக்கறோம்."

பிரேம் கெஞ்சிப் பார்த்தான். மணிவண்ணன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். மூன்று பேரும் அசையவில்லை. கடைசியில் சந்தோஷ்குமார்தான் ஒரு வழி சொன்னான். கேமராவைச் சவுக்கு மர உச்சியில் கட்டி மேலிருந்து எடுத்தால், படுத்திருப்பது யார் என்று தெரியாது. அம்சவேணியின் சேலையைக் கட்டிக்கொண்டு யார் படுத்தாலும் சரிதான். ஆனால் யார் படுப்பார்கள்? வாசலில் நின்ற பெண்களெல்லாம் புருஷனைப் பார்த்தார்கள், அண்ணன் தம்பியைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள்.

"நான் படுக்கறேன்" என்றாள் அத்தாயி. "எனக்கு ஆரு வந்து கேக்கப் போறாங்க?"

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்சவேணியின் அண்ணன்மாரைப் பார்த்தே சொன்னாள். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அர்த்தனாரி மட்டும், "வேண்டாம் அத்தாயி" என்று முனகினான். அவன் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டாள்?

மறுநாள் காலை அம்சவேணிதான் அவளுக்கு அலங்காரம் செய்தாள். முகத்தில் கிழங்கு மாவு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்து ஒரு கட்டு, தாடையைத் தூக்கி உச்சந்தலையோடு சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக் கட்டு. கட்டும்போதே அம்சவேணியின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு மனசே ஆவலீங்கக்கா" என்றாள். வாயைக் கட்டியிருந்ததால் அத்தாயியால் பதில் சொல்ல முடியவில்லை. இல்லாவிட்டால் ஏதாவது சுருக்கென்று சொல்லியிருப்பாள்.

பிரேம் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தான். கேமரா ஓடும்போது இடியே விழுந்தாலும் யாரும் நடிப்பை விடக்கூடாது. மேளக்காரர்களையும் நிஜமாகவே வரவழைத்திருந்தான். அவர்கள் சாவு வீட்டில் எப்படி அடிப்பார்களோ அப்படியே அடித்தார்கள். அவர்களுக்கு வேறு மாதிரி அடிக்கத் தெரியாது. மலையில் அந்தச் சத்தம் எத்தனை மேடு தாண்டிக் கேட்கும் என்பதைப் பிரேம் யோசிக்கவில்லை. அவனுக்குச் சத்தம் நன்றாகப் பதிந்தால் சரி.

அழுகை ஆரம்பமானது. கண்ணை மூடிப் படுத்திருந்த அத்தாயிக்கு ஒவ்வொரு குரலும் யாருடையது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு மேலே எழும்பியது அம்சவேணியின் குரல்தான். அழுகையிலாவது இவள் இரண்டாவதாக வரமாட்டாளா என்று பிணம் பல்லைக் கடித்தது.

அந்த நேரத்தில் ரோட்டில் கிழங்கு ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. கேமராவோடு சந்தோஷ்குமார் சவுக்கு மரத்தின் மேலே கிளைகளுக்குள் இருந்தான். பிரேமும் பலாமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். டிரைவருக்குத் தெரிந்தது ஒரு சாவு வீடு மட்டும்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்திருந்த பழனியம்மாளிடம், "ஆருங்க இது?" என்று கேட்டான். பக்கத்து வீட்டுக்காரி பழனியம்மாள் பிரேமின் கட்டளையை மறக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நம்ம அத்தாயி போயிட்டாளுங்களே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவன் பெஞ்சைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தான். அன்றைக்குச் செம்மேட்டில் சந்தை; அவன் கொண்டுபோன சேதி கிழங்கு மூட்டையோடு அங்கே இறங்கி, குண்டூர் நாட்டுக்காரர்கள் காதிலும் விழுந்தது.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இருபது வருஷமாகப் பேசாதவனிடம் யாருடைய நம்பர் இருக்கும்?

இங்கே என்னவென்றால், பனி வந்து வாசலை மூடிவிட்டது. மேலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கட்டை அவிழ்த்தால் மறுபடி அதே மாதிரி கட்ட வராது என்று சொல்லி, அத்தாயியை அப்படியே படுத்திருக்கச் சொன்னான் பிரேம். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அத்தாயி பசியோடு படுத்திருந்து அப்படியே தூங்கிப்போனாள். மத்தியானம் தாண்டிப் பனி விலகியதும் மேளம் திரும்பவும் முழங்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்திலும் அவள் முழுசாக விழிக்கவில்லை.

அவளை எழுப்பியது ஓர் ஆணின் அழுகை. வெகு பக்கத்தில், காலடியில் கேட்டது. அம்சவேணியின் அண்ணன்களில் ஒருவன் நடிக்க வந்துவிட்டான் என்று நினைத்தாள். இந்தக் குடும்பத்தில் இவனுக்கும் நடிப்பு வருகிறதே என்று அந்தத் தூக்கக் கலக்கத்திலும் அவளுக்கு வயிறெரிந்தது. புதுத்துணி மணக்க ஒரு சேலை அவள் மார்மேல் விரிந்தது. இரண்டு கைகள் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டன.

"அத்தாயி... எஞ்சாமி... உனக்கு நோம்பிக்கு ஒரு சீலை எடுத்துக் குடுக்காத பாவி, கோடி போட வந்திருக்கறேனே..."

பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வராமல் ஒரு பெண்ணின் பிணத்தை எடுக்கமாட்டார்கள். எத்தனை பகை இருந்தாலும் அதற்கு மட்டும் வந்தாக வேண்டும். அருணாசலம் வந்திருந்தான்.

அத்தாயி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. செத்த தங்கச்சிக்குத்தான் அவன் வந்திருக்கிறான். உயிரோடு இருக்கிறவள் எழுந்து உட்கார்ந்தால் அந்த நிமிஷமே திரும்பிவிடுவான். இன்னும் கொஞ்சம் அழட்டும், இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்திலும் இந்த அழுகை அம்சவேணியின் காதில் நன்றாக விழுகிறதா என்று அவள் மனசு ஒரு பக்கம் கவலைப்பட்டது.

மூச்சை அடக்க முடிந்ததே தவிர, கண்ணீரை அடக்க முடியவில்லை. மூடிய இமைகளுக்குள்ளிருந்து வழிந்து, கிழங்கு மாவைக் கரைத்துக்கொண்டு காதோரம் இறங்கியது. தலைமாட்டுக்கு வந்து முகத்தைப் பார்த்த அருணாசலம் வீறிட்டுப் பின்னால் சாய்ந்தான். மேளம் நின்றது. மரத்தின் மேலிருந்து, "அண்ணன் ஆரு, பிரேம்? சொல்லவே இல்லையே, பயங்கரமா நடிக்கறாரு!" என்று சந்தோஷ்குமார் கத்தினான்.

பிரேம் ஓடிவந்து நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அருணாசலத்தின் முகம் கறுத்தது.

"சினிமாவா? நான் வரமாட்டேன்னு தெரிஞ்சு, பொணமாப் படுத்து வரவெச்சீங்களா?" அவன் அர்த்தனாரியைப் பார்த்துக் கேட்டான். "வர்ற வழியெல்லாம் வண்டியை ஓட்ட முடியாம நிறுத்தி நிறுத்தி அழுதுட்டு வந்தேன். நல்லா இருங்க எல்லாரும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டான்.

அத்தாயி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணனை என்னவென்று கூப்பிடுவது? எந்த உரிமையில் கூப்பிடுவது? அவன் பத்தடி போய்விட்டான். அப்போது அம்சவேணி சொம்பு நிறையத் தண்ணீரோடு குறுக்கே போய் நின்றாள். அவளுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்கண்ணா. தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க. மொதல்ல தண்ணி குடிங்கண்ணா" என்றாள்.

அண்ணா! அருணாசலம் நின்றான். அழுது தொண்டை வறண்டிருந்தவன், அந்தக் குரலின் பணிவில் தன்னை அறியாமல் கையை நீட்டினான்.

அத்தாயிக்குள் என்னதான் புகுந்ததோ. வருஷக்கணக்காகக் கதவிடுக்கில் நின்று பார்த்தது அத்தனையும் ஒன்றாகத் திரண்டு தலைக்கேறியது. மூன்று அண்ணன்மார் போதாதா இவளுக்கு? இருக்கிற ஒருவனையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா? கட்டைவிரல்கள் கட்டியிருப்பதை மறந்து பெஞ்சிலிருந்து குதித்தவள், அப்படியே குப்புற வாசலில் விழுந்தாள். நெற்றிக்காசு எங்கோ உருண்டது. முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, கட்டிய காலோடு தத்தித் தத்தி ஓடி, அம்சவேணியின் கையிலிருந்த சொம்பை வெடுக்கென்று பிடுங்கினாள். தாடையை அசைத்து அசைத்துக் கட்டைத் தளர்த்திக்கொண்டு கத்தினாள்.

"எங்கண்ணனுக்குத் தண்ணி குடுக்க நானிருக்கறேன்! நான் ஒண்ணுஞ் சாவலை, உசுரோடத்தான் இருக்கறேன்! நீ போய் உம்பட அண்ணன்மாருக்குக் குடு!"

எங்கண்ணன் என்ற சொல்லை இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து யாருமே கேட்டதில்லை, அர்த்தனாரிகூட. சொம்பிலிருந்த தண்ணீரில் பாதி சிந்திவிட்டது. மீதியை நீட்டிக்கொண்டு, மாவு கரைந்த முகமும் மண் ஒட்டிய மூக்குமாக, தலையில் பிணக்கட்டோடு அவள் மூச்சிரைக்க நின்றாள். அவன் வாங்காவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அருணாசலம் சொம்பைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டவன் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கப் போனான். முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பாக்க முடியல சாமி" என்றான். "மொதல்ல அந்தக் கட்டை அவுரு."

அவள் உச்சந்தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். முடிச்சு இறுகியிருந்தது, அவிழவில்லை. "இருங்கக்கா, நான் கட்டுனதுதானுங்க, நானே அவுக்கறேன்" என்று அம்சவேணி ஓடி வந்தாள்.

"நீ இரும்மா" என்றான் அருணாசலம். சொம்பை அம்சவேணியின் கையில் கொடுத்துவிட்டுத் தங்கச்சிக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து, முடிச்சில் நகத்தை நுழைத்து மெல்ல நெம்ப ஆரம்பித்தான். அத்தாயி தேம்பிக்கொண்டே தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். தேம்பலுக்கு நடுவில், அம்சவேணி இதைப் பார்க்கிறாளா என்று மட்டும் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அம்சவேணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.